ரீடேக் கேட்காத மேதைக்குக் காப்புக் கட்டிய கதை

சினிமாவுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் ஒரு நல்ல செய்தி. நம் பெயர் திரையில் ஓடும்போது தியேட்டரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கூட்டிப் பெருக்க வருகிறவர் மட்டும் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருப்பார். ஆகவே புகழ் தலைக்கேறிக் கெட்டுப்போகிற ஆபத்து நமக்குக் கிடையாது. கெட்ட செய்தி என்னவென்றால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், மாடு மிரண்டாலும் மிரளாவிட்டாலும் முதலில் கூப்பிடப்படுவது நம் பெயர்தான்.

நான் புதுக்கோட்டைக்காரன். விராலிமலையில் மயில் வேண்டும் என்றால் மயில், பொன்னமராவதிப் பக்கம் ஓட்டு வீடு வேண்டும் என்றால் ஓட்டு வீடு என்று காட்டிக் காட்டியே காலத்தைத் தள்ளி ஓய்வு பெற்றவன். மயில் சொன்ன நேரத்துக்குத் தோகை விரிக்காததற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய மேனேஜர். வாயில் வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அவர் சொன்ன பாடம் சுருக்கமானது. "டேய், படக்காரன் பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவான். ஊர்க்காரன் அங்கனயேதான் இருப்பான். அடுத்த படத்துக்கு நீ அவன் வாசல்லதான் போய் நிக்கணும். அதுனால ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் பேச்ச இன்னொருத்தனுக்குச் சொல்றப்ப, கோவத்த முழுங்கிரு. விசயத்த மட்டும் குடு." நானும் அப்படியே செய்தேன். என் சர்வீஸில் நான் முழுங்கிய கோபத்தை அளந்தால் ஒரு கண்மாய் நிரம்பும்.

இப்போது அமெரிக்க இயக்குநர் கதைக்கு வருவோம். எல்லோரும் அதைத்தானே கேட்கிறீர்கள்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் படங்களைச் சொன்னாலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்த்ததாக மட்டும் சொல்வீர்கள். அதனால் மேதை என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஊர்ப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

மேதையின் முதல் படம் அவருடைய மாமாவின் டயர் கடையில் எடுத்தது. மாமா ஒரு லாரி டயரைக் கழற்றுகிறார், ஒட்டுப் போடுகிறார், மறுபடி மாட்டுகிறார். படம் முடிந்தது. மொத்தமும் ஒரே ஷாட். காலத்தையே கண்முன் நிறுத்திவிட்டார் என்று சொல்லி விருது கொடுத்தார்கள். திருச்சி ரோட்டுப் பஞ்சர் கடைகளில் நான் இதே படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு விருது தரவில்லை, டியூபை மாற்றச் சொல்லித்தான் நச்சரித்தார்கள்.

இரண்டாவது படம் பனிமலையில். கதாநாயகன் பசியில் வாடுகிற கதை. நடிக்க வேண்டாம், வாடினால் போதும் என்று அந்த நடிகருக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார் மேதை. நடிகருக்குப் பெரிய பரிசு கிடைத்தது. அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

மூன்றாவதாக ஒரு பெரிய ஸ்டுடியோ, ஆள் தெரியாமல், விண்வெளிச் சண்டைப் படம் ஒன்றை அவர் கையில் கொடுத்தது. விண்வெளியில் சத்தம் கேட்காது, ஆகவே சண்டையும் சத்தமில்லாமல் நடக்கட்டும் என்றார். தியேட்டரில் குறட்டைச் சத்தம் மட்டும் கேட்டதாம். ஸ்டுடியோக்காரர்கள் படத்தைப் பிடுங்கி, நறுக்கி, டமால் டுமீல் எல்லாம் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். அப்படியும் ஓடவில்லை. மேதை கோபித்துக்கொண்டு ஏதோ ஒரு பண்ணையில் போய்த் தேனீ வளர்த்தார்.

தேனீக்களுக்கும் அலுத்துப்போன பிறகு அவர் எடுக்க வந்த படம்தான் நம்முடையது. மனைவியைப் பறிகொடுத்த அமெரிக்கர் ஒருவர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் வந்து தங்கி மன அமைதி காண்கிறார், அதுதான் கதை. அமைதி தேடி அவர்கள் ஆலங்குடிப் பக்கம் வருகிறார்கள். ஆலங்குடிப் பக்கத்துக்காரர்கள் நிம்மதி தேடி சிங்கப்பூருக்குப் போகிறார்கள். நடுவில் பிளேன்காரன் பிழைக்கிறான்.

ஆனால் மேதைக்கு அது விளையாட்டு இல்லை. இந்தப் படத்தைச் சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் இனி எவனும் அவரை நம்பிப் படம் கொடுக்க மாட்டான். மீதி ஆயுசுக்குத் தேனீதான்.

அவர் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு கிடையாது, சூரியன் போதும். மேக்கப் கிடையாது, வியர்வை போதும். கேமராவை அவரே தூக்கிக்கொள்வார். ஒத்திகை இல்லை, ரீடேக் இல்லவே இல்லை. "வாழ்க்கையில் இரண்டாவது டேக் உண்டா?" என்று கேட்பார். பதில் சொல்லிவிடக் கூடாது, அது கேள்வி இல்லை. கட் என்று சொல்லும் வழக்கமும் இல்லை. நடிகர் வசனத்தைப் பேசி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மூக்கைச் சொறிவார். அந்த மூக்குச் சொறிதலுக்காகத்தான் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிஜம், நிஜம் என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

படப்பிடிப்புக்கு ஆலங்குடியில் இருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் சூழ்ந்த ஒரு ஊரைப் பிடித்துக் கொடுத்தேன். ஊர் பெயரும் வேண்டாம். அந்த ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் முதல் மரியாதை யாருக்கு என்று தகராறு வந்து, மாரியம்மன் திருவிழா பல வருஷமாக நின்று கிடந்தது. நாங்கள் அங்கே போன அந்த வருஷத்தில்தான் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டு, இரண்டு தெருவும் சேர்ந்து நடத்துவது என்று முடிவாகியிருந்தது. நிஜத் திருவிழா நடக்கப் போகிறது என்று கேட்டதும் மேதை என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார். படத்தின் உச்சகட்டமே அதுதான், அதில் கதாநாயகன்கூடத் தேவையில்லை என்றார்.

ஊர்த் தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "படம் புடிங்க, வேணாங்கல. எட்டி நின்னு புடிங்க. ரெண்டு தெருவும் இப்பத்தான் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிது. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, மறுபடி கதவச் சாத்த வேண்டியதுதான். ஒங்கள நம்பித்தான் விடுறேன்." நான் வாக்குக் கொடுத்தேன்.

கதாநாயகன் தங்குகிற வீடாக நாங்கள் எடுத்திருந்தது மாரிக்கண்ணு என்கிற அம்மாளின் வீடு. கீழத்தெரு. புருஷன் இல்லை, ஒரே மகன். அந்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, தீச்சட்டி எடுக்கிறேன் ஆத்தா என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மகன் பிழைத்துவிட்டான், ஊர் திரும்பிக் கல்யாணமும் ஆகிவிட்டது. திருவிழாதான் நடக்கவில்லை. "அவனுக்கு லேசா தலவலின்னாக்கூட எனக்கு ராத்திரித் தூக்கம் போயிருதுண்ணே" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "வாங்கிக்கிட்டு செய்யாம இருக்கோம்ல. ஆத்தா சும்மா இருப்பாளா?" இந்த வருஷம் எடுக்கப் போகிறோம் என்று ஆனதிலிருந்துதான் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருவிழாவில் தீச்சட்டி, பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் மஞ்சள் கிழங்கு வைத்த கயிற்றைப் பூசாரி கட்டுவார். அதைக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை விரதம். முந்தின நாளே மேதைக்கு விளக்கினேன். பார்க்கலாம், படம் எடுக்கலாம், நடுவில் போகக் கூடாது என்றேன். தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. நான் ஒரு பக்கம், மேதை ஒரு பக்கம். கேமராவோடு வரிசையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருந்தவர், திடீரென்று கேமராவை உதவி இயக்குநர் பெண்ணிடம் கொடுத்தார். வரிசையில் மாரிக்கண்ணுவுக்குப் பின்னால் போய் நின்றார். கையை நீட்டினார்.

"சார், வேண்டாம்!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பொம்பளைகள் குலவை போட்டார்கள். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் வெள்ளை மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. மேதை கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"என்ன சாமி இப்புடிப் பண்ணிட்டீங்க?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

"நீட்டுன கைய எப்புடிங்க திருப்பி அனுப்புறது? ஆத்தா சன்னதியில கை நீட்டுனா கட்டித்தான் ஆகணும். வெள்ளக் கையி கருப்புக் கையின்னெல்லாம் அவ பாக்க மாட்டா."

அம்பலம் வந்தார். முகம் இறுகியிருந்தது. கட்டியாயிற்று, இனி விதிகளைச் சொல்லிவிடு என்றார். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். கவிச்சி, அதாவது கறி மீன் கூடாது. பிரமாதம் என்றார் மேதை. சிகரெட், மது கூடாது. அருமை. செருப்புப் போடக் கூடாது. மண்ணைத் தொட்டு நடப்பதைப் போல உண்டா என்றார். பாயில்தான் படுக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லோரும் பாயில் படுக்க ஆரம்பித்தால் போரே இருக்காது என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

"காப்புக் கட்டுனவுக ஊர் எல்லையத் தாண்டக் கூடாது" என்றார் அம்பலம். "திருவிழா முடியிற வரைக்கும்."

அதையும் சொன்னேன். அதற்கு மட்டும் பிரமாதம், அருமை எதுவும் வரவில்லை.

வராது. ஏனென்றால் அந்த வாரக் கடைசியில் மணமேல்குடிப் பக்கம் கடற்கரையில் படத்தின் கடைசிக் காட்சியை எடுக்க வேண்டும். கதாநாயகன் கடலைப் பார்த்து நிற்கிறார், அமைதி வருகிறது. அமைதி வந்த கையோடு அந்த நடிகர் வேறு படத்துக்காக விமானம் ஏற வேண்டும். திருவிழா முடிகிறவரை அவர் காத்திருக்க மாட்டார். கடற்கரைக் காட்சி இல்லையென்றால் படம் இல்லை, அதை இன்னொருவர் கையில் கொடுக்கிற வழக்கமும் மேதைக்கு இல்லை.

தயாரிப்பாளர் ஒரு அம்மணி. சுறுசுறுப்பானவர், எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஒரு நூல்தானே? கத்திரிக்கோல் இல்லையா?" என்று கேட்டார். கத்திரிக்கோலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை அம்மா என்றேன்.

இதற்குள் ஊரில் புகைய ஆரம்பித்துவிட்டது. சினிமாக்காரனுக்கு வீடு கொடுத்தது கீழத்தெரு, அவன் காப்பை அறுத்தால் குற்றம் கீழத்தெருவுக்குத்தான் என்று மேலத்தெரு டீக்கடையில் பேச்சு. சினிமாக்காரனைக் கோயிலுக்குள் விட்டது மேலத்தெரு அம்பலம்தானே என்று கீழத்தெரு டீக்கடையில் பேச்சு. இரண்டு கடையிலும் டீ குடித்தவன் நான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். அம்பலம் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவரு எல்லையத் தாண்டுனா திருவிழாவ நிறுத்திருவோம். ஒங்க வாக்கு லச்சணம் தெரிஞ்சுபோச்சு" என்றார். மாரிக்கண்ணு வழக்கம்போல எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேதை யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். என்னைக் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போனார். "இதை இப்போது அவிழ்த்துவிட்டு, கடற்கரைக்குப் போய் வந்த பிறகு மறுபடி கட்ட முடியுமா? முதலில் இருந்து?" என்று கேட்கச் சொன்னார்.

நான் அப்படியே கேட்டேன். பூசாரி மேதையை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்க வந்து, படத்தில் வந்த தன் வீட்டு ஆட்டுக்குட்டியைக்கூட ரீடேக்குக்காகத் திரும்ப நடக்கவிடவில்லை என்று ஆச்சரியப்பட்ட மனிதர் அவர்.

"ஏங்க, அவுகதானே எதையும் ரெண்டாவது தடவ எடுக்க மாட்டாக? ஆத்தா மட்டும் எடுப்பாளாக்கும்?"

இதில் கோபமும் இருந்தது, விசயமும் இருந்தது. எது எது என்று பிரிக்கத் தெரியாமல் முழுசாகவே சொல்லிவிட்டேன். சினிமாவுக்கு வந்த நாள் முதலாக மேதை கேட்ட முதல் ரீடேக் அதுதான். அதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் அம்மணி என்னைக் கூப்பிட்டார். கார் தயார், மேதையும் சம்மதித்துவிட்டார், ஊர் எழுந்திருப்பதற்குள் கடற்கரைக்குப் போய்விட வேண்டும், கயிறு கையிலேயே இருக்கட்டும், அங்கே போய் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வருவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

தம்பிகளா, இங்கேதான் கவனிக்க வேண்டும். எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் அவர்கள். காரை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மறித்தால் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு போவார்கள். ஊரை எழுப்பிவிட்டால் கலவரம் ஆகும், அதில் யார் மண்டை உடையும் என்று சொல்ல முடியாது. பேசாமல் போகவும் மனசு வரவில்லை. நம் வேலையில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். எந்த வழியாகப் போவது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

முந்திரிக்காட்டுக்குள் ஒரு குறுக்குப் பாதை இருந்தது. அதில் போனால் ஒரு ஈ காக்கை பார்க்காது. "கம்மாக்கரை வழியா போப்பா" என்றேன் டிரைவரிடம். "அது சுத்துங்களே" என்றான். "சுத்தட்டும்" என்றேன்.

கண்மாய்க்கரை முடிகிற இடத்தில் எல்லைக்கல். பக்கத்தில் ஒரு வேம்பு. காப்புக் கட்டியதிலிருந்து தினமும் விடிகாலையில் அந்த வேம்புக்கு மாரிக்கண்ணு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். அது எனக்குத் தெரியும். காரில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். காரைப் பார்த்தாள், உள்ளே யார் என்று பார்த்தாள். டிரைவர் தானாகவே நிறுத்திவிட்டான். மேதை கண்ணாடியை இறக்கினார். மறிக்கப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கோபப்படவே இல்லை.

"கெளம்பிட்டீங்களா தம்பி? ஒங்க பொழப்பும் பாக்கணும்ல. போறதுன்னா போங்க. ஆனா அந்தக் கயித்த அறுத்துக் கண்ட எடத்துல போட்டுறாதீங்க. அவுத்து எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் சேத்துக் கட்டிக்கிறேன். ஒங்களுக்கு வர்றது என்னன்னாலும் என்னோட போகட்டும்."

மேதை என்னைப் பார்த்தார். அம்மணி கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?" என்று மேதை கேட்டார்.

வழி அனுப்ப வந்திருக்கிறாள், கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகலாமாம், என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. கார் கிளம்பியிருக்கும். பல வருஷமாக நான் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன். ஆனால் அன்று முழுங்க முடியவில்லை. அவள் மகன் சாரத்திலிருந்து விழுந்தது, அவள் வேண்டிக்கொண்டது, திருவிழா நின்று கிடந்தது, இந்தக் கார் போனால் மறுபடி நிற்கும் என்பது, எல்லாம் தெரிந்தும் இன்னொருத்தனுக்கு வருகிற கெடுதலைத் தன் கையில் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள் என்பது, ஒன்று விடாமல் சொன்னேன். என் ஆங்கிலம் பாதி வழியில் உடைந்தது. உடைந்ததை வைத்தே சொல்லி முடித்தேன்.

அம்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேதை கதவைத் திறந்து இறங்கினார். கால் வெறுங்கால். கரையில் கிடந்த நெருஞ்சி முள்ளில் முதல் அடியையே வைத்து, அவர் ஊர்க் கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னார். விரதத்தில் அது சேர்த்தியா என்று நான் யாரையும் கேட்கவில்லை. பிறகு மாரிக்கண்ணு கையிலிருந்த குடத்தை வாங்கி, மிச்சத் தண்ணீரை வேம்புக்கு ஊற்றிவிட்டு, நொண்டி நொண்டி ஊரைப் பார்த்து நடந்தார்.

"நல்ல புள்ளதான்" என்றாள் மாரிக்கண்ணு. "நடக்கத்தான் தெரியல."

கடற்கரைக் காட்சி என்ன ஆயிற்று? உதவி இயக்குநர் பெண் இன்னொரு கேமராவோடு போய் எடுத்தாள். அவள் விளக்கு வைத்தாள், மேக்கப் போட்டாள், நடிகர் அழுகிறவரை மறுபடி மறுபடி எடுத்தாள், ஒவ்வொரு தடவையும் கட் என்று வாய் நிறையச் சொன்னாள். கூடப் போன யூனிட் ஆட்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கை தட்டினார்களாம்.

திருவிழாவும் நடந்தது. இரண்டு தெருவும் முறைத்துக்கொண்டுதான் நடத்தின, ஆனால் நடத்தின. மாரிக்கண்ணு தீச்சட்டி எடுத்தாள். மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் வேப்பிலை வீசிக்கொண்டு வந்தார்கள். அவள் முகத்தில் சட்டியின் வெளிச்சம். பின்னால் மஞ்சள் வேட்டியில், இடுப்பில் அது நிற்காமல் ஒரு பெல்ட்டும் போட்டுக்கொண்டு, தலையில் பால்குடத்தோடு மேதை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அவர் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்து, அருள் வந்துவிட்டது என்று சில பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. மாரிக்கண்ணு சட்டியைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டு, "முடிஞ்சுருச்சுடா, முடிஞ்சுருச்சு" என்று மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவ்வளவும் நடந்தபோது மேதையின் கேமரா, மாரிக்கண்ணு வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. கடற்கரைக்குப் போன யூனிட் அங்கிருந்தே கிளம்பிவிட்டது, இந்தக் கேமராவைத் தூக்குகிற ஒரே ஆள் பால்குடம் தூக்கிக்கொண்டிருந்தாரே. உலகம் பூராவும் தேடித் தேடி நிஜத்தைப் பிடிக்க வந்தவர், அது வந்தபோது கையில் கேமரா வைத்திருக்கவில்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்து பூசாரி காப்பை அவிழ்த்தார். மாரிக்கண்ணு மேதைக்குத் திருநீறு பூசி, "ஒரு தடவ கட்டுனா மூணு வருசம் கட்டணும். இன்னும் ரெண்டு இருக்கு, மறந்துறாதீங்க" என்றாள். மேதை என்னைப் பார்த்தார். பாதம் இரண்டும் கொப்புளம், முகம் வெந்து சிவந்திருந்தது. "நல்லபடியாகப் போய்வரச் சொல்கிறார்" என்றேன். முழுங்கிப் பழகிய பழக்கத்தை எல்லா நாளும் மீற முடியுமா?

படம் வந்தது. திருவிழாவைக் காட்டாமலே விட்ட துணிச்சலைப் பாராட்டினார்கள். கடற்கரைக் காட்சியை, ஒரு மேதையால் மட்டுமே எடுக்க முடிந்த காட்சி என்று எழுதினார்கள். அதை எடுத்த உதவி இயக்குநர் பெண் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கத்தரித்து வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். மேதைக்கு அடுத்த படமும் கிடைத்துவிட்டது.

படம் வந்ததும் காட்டுகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தபடி ஒரு சாயங்காலம் கோயில் திடலில் திரை கட்டி ஊருக்குப் படத்தைக் காட்டினேன். கதாநாயகன் தென்னை மரத்தைப் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். "அதுல தேங்கா ஒண்ணுமில்ல சாமி, நடையக் கட்டு" என்று யாரோ கத்தினார்கள். மாரிக்கண்ணு நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். முடிந்ததும் எழுப்பினேன்.

"நம்ம திருவிழா எங்கண்ணே?"

"அது படத்துல இல்ல தாயி. அன்னைக்குப் படம் புடிக்கிறவரு பால்குடம் எடுத்துக்கிட்டிருந்தாருல்ல."

"அதுவும் சரிதான். வேண்டுதல் செய்யிறவன் படமா புடிப்பான்?" என்றாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "வர்ற சித்திரைக்குக் காப்பு. போனப் போட்டுச் சொல்லிருங்க. அன்னைக்கே அவுகளுக்கு வெளங்குச்சோ என்னவோ, நீங்க ரொம்பச் சுருக்கமாச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் மாட்டிக்கொண்டேன். மறுநாள் அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். புதுப் படத்தின் படப்பிடிப்புக்கு நடுவில் எடுத்தார். சுற்றிலும் ஒரே சத்தம், வேலை மும்முரம். மூன்று வருஷக் கணக்கை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, திட்டப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மௌனம். அவர் படத்தில் வருகிற அதே மௌனம். நானும் கட் சொல்லாமல் காத்திருந்தேன்.

"இந்தத் தடவையும் செருப்பு கிடையாதா?" என்று கேட்டார்.

"கிடையாது சார்" என்றேன்.

"சரி. மாரிக்கண்ணுவிடம் சொல்லுங்கள், வீட்டில் இப்போதே வெறுங்காலில் நடந்து பழக ஆரம்பித்துவிட்டேன் என்று."